வில் பெட்டி: ஐம்பது பவுண்டும் இடது தோளும்

மர வில் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழிலும் பதில் தருபவர், வியாசர்பாடியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நம் பழைய நண்பர்.

கேள்வி: வயது 44. நாற்காலி வேலை. மூன்று மாதத்துக்கு முன் 50 பவுண்ட் இழுபலம் உள்ள லாங்போ என்ற நீள மர வில் வாங்கினேன். ஞாயிறுதோறும் நண்பரின் தோப்பில் அறுபது அம்பு விடுவேன். இப்போது வில் பிடிக்கும் இடது தோளின் முன்பக்கம் வலி. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு தொடரலாமா, இல்லை விட்டுவிடவா?
*(வாசகர், கொளத்தூர்)*

இரண்டும் வேண்டாம் சார். தைலத்தை ஜலதோஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வில்லையும் விட வேண்டாம். அந்த ஐம்பது பவுண்டை மட்டும் விடுங்கள்.

உங்கள் கடிதம் நானே எழுதியது போல இருந்தது. நாற்பத்தைந்து வயதில், கூட விடுகிற பையன் 55 இழுக்கிறான் என்பதற்காக நான் 60 பவுண்ட் வில் சொல்லி வாங்கினேன். முதல் பத்து அம்பு ராஜா மாதிரி போகும். இருபதைத் தாண்டினால் இடது தோள் தானாகக் காதுப் பக்கம் ஏறும். எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, வாத்தியாரிடம் யார் சொல்வது? நாலாவது மாதம் மொட்டைமாடிக் கொடியில் ஈர வேட்டியைப் போடக் கை எழவில்லை. "அந்த வில்லை மாட்ட ஆணி அடிக்கணும்னாலும் கையத் தூக்கணுமே" என்றாள் வீட்டுக்காரி. அப்புறம் ஏழு மாதம் நான் வில்லைத் தொடவில்லை.

நடப்பது இதுதான். தோள் உச்சியில் கூரை மாதிரி ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கடியில் கையைத் தூக்கும் தசையின் நாண் ஓடுகிறது. ஆமாம், உள்ளேயும் ஒரு நாண்தான். தோளை ஏற்றிக்கொண்டே வில்லைத் தள்ளினால் அந்தச் சந்து குறுகி, தசைநாண் நசுங்கும். ஒருமுறை நசுங்கினால் ஒன்றும் ஆகாது. நீங்கள் ஞாயிறுதோறும் அறுபது முறை நசுக்கியிருக்கிறீர்கள்.

50 பவுண்ட் என்றால் ஏறக்குறைய 23 கிலோ, மளிகைக் கடைப் பொன்னி மூட்டைக்கு இரண்டு கிலோ கம்மி. அறுபது அம்புக்குக் கணக்குப் போட்டால் 1,360 கிலோ வருகிறது. சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லில் முழுசாக இழுத்ததும் பாரம் பெரும்பகுதி இறங்கிவிடும். லாங்போவில் அந்தச் சலுகை கிடையாது, கடைசி அங்குலம் வரை ஏறிக்கொண்டேதான் போகும். இன்னொன்றையும் பாருங்கள். வில்லில் எழுதியிருக்கும் 50 பொதுவாக 28 அங்குல இழுப்புக்கு. கை நீளமானவர் 30 வரை இழுத்தால், அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்ட் கூடி 55 ஆகிவிடும். நீங்கள் வாங்கியது ஒன்று, இழுப்பது இன்னொன்று.

ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்பதால் முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். தசைநாணில் கிழிசல் இருக்கிறதா என்று அவர் ஸ்கேனில் பார்க்கட்டும். அதற்குமுன் சுளுக்கு எடுப்பவரிடம் தோளைக் கொடுக்காதீர்கள். கிழிசல் இல்லை என்றால் ஃபிசியோ. எனக்குக் கிடைத்த வைத்தியம் ஒரு ரப்பர் பேண்டும் ஒரு சுவரும்தான். கக்கத்தில் சுருட்டிய டவல், முழங்கை விலாவோடு ஒட்டி, பேண்டைப் பிடித்த முன்கையை மட்டும் கதவு திறப்பது போல வெளியே திருப்ப வேண்டும், மெதுவாக. டவல் கீழே விழுந்தால் அந்த எண்ணிக்கை செல்லாது. அடுத்து, கையை நீட்டி உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்காமல் முதுகுப் பட்டை எலும்பை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்துவது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். வில்லைத் தாங்க வேண்டியது அந்த இடம்தான்.

டாக்டர் சரி என்றதும் 25 பவுண்டில் ஆரம்பியுங்கள். வாரம் ஒருநாள் அறுபது வேண்டாம், மூன்று நாள் இருபது போதும். முழுசாக இழுத்து, விரல் தாடையில் பதிந்தபின் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். தோள் ஏறாமல், அம்பு முனை ஆடாமல் நின்றால் அது உங்கள் வில். பின்னாலிருந்து யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மாதங்கள் கழித்து ஐந்து பவுண்ட் ஏற்றலாம். மீண்டும் ஐம்பதுக்குப் போவீர்களா? நான் அறுபதுக்குத் திரும்பவில்லை. இன்றைக்கு 38 இழுக்கிறேன், அம்பு அதே பலகையில்தான் குத்துகிறது.

கேள்வி: வில் பிடிக்கும் கையின் உள்பக்கம் நாண் அடித்து நீலம் பாரித்துவிட்டது. இழுக்கும் விரல் நுனிகள் மறுநாள் வரை மரத்துப்போகின்றன. தாங்கிக்கொண்டால் பழகிவிடும் என்கிறார்கள்.
*(வாசகி, விருகம்பாக்கம்)*

பழகாதும்மா. மரத்துப்போவது நரம்பு நசுங்குவதன் அடையாளம். மறுபடி சரியாக உணர்வு வரும்வரை நாணைத் தொடாதீர்கள், வராவிட்டால் டாக்டர். விரலுக்குத் தோல் உறையோ, 'டேப்' என்கிற தட்டையான தோல் துண்டோ இல்லாமல் இழுக்கவே கூடாது. நாண் விரல் நுனியில் தொங்காமல் முதல் மூட்டு மடிப்பில் உட்கார வேண்டும்.

நீலத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, நாண் தொய்ந்து வில்லுக்கு மிக அருகே வந்திருக்கும். கைமுட்டியைப் பிடிமேல் வைத்துக் கட்டைவிரலை நீட்டுங்கள். விரல் நுனி நாணைத் தொட்டால் சரி. நாண் அதற்கும் உள்ளே இருந்தால் முறுக்கேற்றுங்கள். இரண்டு, முழங்கை. கையை நீட்டும்போது முழங்கை மடிப்பு வானத்தைப் பார்க்கிறதா? அதைச் சற்றே செங்குத்தாகத் திருப்பினால் நாணுக்கு வழி கிடைக்கும். முன்கையில் கட்டும் கவசமான ஆர்ம் கார்டு அதற்கப்புறம்தான், ஆனால் கட்டாயம்.

கேள்வி: பழைய இங்கிலாந்து வீரர்கள் 150 பவுண்ட் இழுத்தார்களாமே! நம் உடம்புக்கு மட்டும் ஏன் முடியவில்லை?
*(மாணவர், பெரம்பூர்)*

தம்பி, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் 'மேரி ரோஸ்' கப்பல் 1545-ல் மூழ்கி, 1982-ல் மேலே எடுக்கப்பட்டது. அதில் கிடைத்த நூற்றுக்கு மேற்பட்ட யூ மர வில்கள் 100 முதல் 185 பவுண்ட் வரை இழுபலம் உள்ளவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நிஜம்தான். ஆனால் அவர்கள் சிறுவயது முதல் இழுத்தவர்கள். 1363-லேயே விழா நாட்களில் வில் பயில வேண்டும் என்று அங்கே அரச ஆணை இருந்தது. கொளத்தூர்காரருக்குச் சொன்ன அந்தக் கூரை எலும்பு நினைவிருக்கிறதா? இருபதுகளில் அதன் நுனி ஒட்டிச் சேர்ந்துவிடும். அந்தக் கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் அது சேராமலே இருந்தது. வளரும் வயதில் இழுத்த பெரிய வில்தான் காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. உனக்கு இப்போது 20 பவுண்ட் போதும்.

கேள்வி: மர வில்லை நாணோடு மாட்டி வைக்கலாமா?
*(வாசகர், மேடவாக்கம்)*

கூடாது. மரம் அப்படியே வளைந்து சோம்பிவிடும். விட்டு முடித்ததும் நாணைக் கழற்றுங்கள். மே மாத வெயிலில் காருக்குள் பூட்டி வைப்பதும் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். உங்கள் பத்தியைப் படித்து வில் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்.
*(வாசகி, ஆதம்பாக்கம்)*

என் தப்புதான். அவர் டாக்டர் சம்மதித்தால் விடலாம். 16 பவுண்டுக்கு மேல் வேண்டாம், பத்து மீட்டர் தூரம் போதும். இழுக்கும்போது மூச்சை அடக்கி முக்கக் கூடாது, பி.பி. ஏறுவது அதில்தான். காலை ஆறரைக்கு முன்னால் அழைத்துப் போங்கள். ஏழரைக்கெல்லாம் நம்மூர்ப் புழுக்கம் ஆளைப் பிழிந்துவிடும். தொளதொள சட்டை வேண்டாம், சட்டைப் பையில் பேனாவும் வேண்டாம். இடது நெஞ்சை உரசிப் போகும் நாண் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். என் இரண்டு ஹீரோ பேனாக்கள் அப்படித்தான் போயின.