இரண்டு பொந்துகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜனவரியில் என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாக அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பாம்பு. ஒருவழியாகச் சம்மதித்துவிட்டோம். கார்ன் ஸ்னேக் குஞ்சு ஒன்றுக்குச் சொல்லி வைத்தாயிற்று, மூன்று வாரத்தில் கைக்கு வரும். முன்பு மீன் வளர்த்த 20 காலன் கண்ணாடித் தொட்டி வீட்டில் சும்மா கிடக்கிறது. கடையில் கேட்டதற்கு, மின்சாரத்தில் சூடாகும் கல் ஒன்றும் இரவுக்குச் சிவப்பு பல்பு ஒன்றும் கொடுத்தார்கள். ஒளிந்துகொள்ள ஒரு மண்டையோட்டுக் குகை, அது மகளின் தேர்வு. இவை போதுமா? குளிர்காலம் முழுக்க வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது, பாம்புக்குத் தனியாகச் சூடு வேண்டுமா? ஊரிலிருந்து வரவிருக்கும் மாமியார் அதற்குப் பால் வைப்பாரோ என்ற பயம் வேறு.

சு., ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள சு.,

தொட்டி உதவும். கல்லுக்கும் பல்புக்கும் ரசீது இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மண்டையோடு இருக்கட்டும், ஆனால் பொந்து ஒன்று போதாது. குறைந்தது இரண்டு வேண்டும்.

பாம்பு தன் உடம்புக்கு வேண்டிய சூட்டை உள்ளே உண்டாக்கிக்கொள்வதில்லை. சூடு தேவைப்பட்டால் சூடான இடத்துக்கு ஊர்ந்து போகும், போதுமென்றால் விலகி வரும். அதனால் தொட்டி முழுக்க ஒரே வெப்பநிலை இருந்தால் அதற்குப் பயனில்லை. ஒரு முனையில் தரை 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், மறுமுனை 22 முதல் 24. கடையில் ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள்: அந்தப் பக்கம் 85 முதல் 88, இந்தப் பக்கம் 72 முதல் 75. இரவில் 20 வரை இறங்கினாலும் கெடுதலில்லை. உங்கள் வீட்டு ஹீட்டர் 22இல் நிற்கிறது என்றால் குளிர் முனைதான் தயார். சூடான முனையை நீங்கள் உண்டாக்க வேண்டும்.

இப்போது பொந்துக் கணக்கு. குஞ்சுப் பாம்பைத் தின்னப் பருந்து முதல் பெரிய பாம்பு வரை காத்திருக்கும் காட்டில் உருவான உயிர் இது. சூட்டையும் மறைவையும் எதிரெதிரே வைத்தால் மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும். பொந்து குளிர் முனையில் மட்டும் இருந்தால், எலியை விழுங்கிவிட்டு அங்கேயே சுருண்டு கிடக்கும். சூடில்லாமல் இரை செரிக்காது, இரண்டு மூன்று நாளில் கக்கிவிடும். சூடான முனையில் மட்டும் இருந்தால் தாங்காத சூட்டிலும் வெளியே வராது, உடம்பில் நீர் வற்றும், சட்டை முழுசாக உரியாமல் துண்டு துண்டாகக் கிழியும். “சாப்பிடவில்லை, கக்குகிறது, சட்டை ஒட்டிக்கொண்டது” என்று வரும் புகார்கள் பலவற்றுக்குக் காரணம் நோயே இல்லை, பொந்து இருக்கும் இடம்தான்.

ஆகவே முனைக்கு ஒன்றாக, கூடியவரை ஒரே மாதிரியான இரண்டு. சுருண்டு படுத்தால் பக்கங்கள் உடம்பில் உரச வேண்டும், அந்த அளவு சிறிதாக. விசாலமான குகை நமக்குத்தான் அழகு. மண்டையோட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், வார்ப்பில் கூரான விளிம்பு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். கண்குழி வழியாக வெளிச்சம் விழுவதால் அது நல்ல பொந்தல்ல. காய்ந்த இலை, பாசி போட்டு ஒரு கண்ணை அடைத்துவிடலாம். கவிழ்த்து வைத்த சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வாசல் வெட்டினால் அதைவிட நன்றாக வேலை செய்யும். நடுவில் இருக்கும் வெற்றிடத்தைக் கார்க் பட்டை, கிளை, பிளாஸ்டிக் இலை, டாய்லெட் பேப்பர் உருளை என எதையாவது போட்டு நிரப்புங்கள். ஒரு பொந்திலிருந்து இன்னொன்றுக்குத் தலை தெரியாமல் போக வழி இருக்க வேண்டும்.

சூடாகும் கல் ஏன் ஆகாது என்றால், அதற்குள் கம்பி ஓடும் இடம் கொதிக்கும், மற்ற இடம் ஆறிக் கிடக்கும். சுற்றியுள்ள காற்று குளிராக இருந்தால் பாம்பு அதன்மேலேயே ஒட்டிப் படுக்கும். வயிறு வெந்துகொண்டிருப்பது அதற்கு உடனே உறைப்பதில்லை, நீங்கள் பார்க்கும்போது செதில்கள் பழுத்திருக்கும். சிவப்பு பல்பு காற்றை உலர்த்தும், இரவை இரவாக இருக்க விடாது. அந்தியிலும் இரவிலும் நடமாடும் பாம்புக்கு எந்த நிற விளக்கும் இராத்திரி வேண்டாம்.

அவற்றுக்குப் பதிலாக ஹீட் மேட் எனப்படும் வெப்ப விரிப்பு ஒன்று, அதன் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பு 40 டிகிரியைத் தாண்டிப் போகலாம். 20 காலன் நீளத் தொட்டியின் தரை 30க்கு 12 அங்குலம். விரிப்பு அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூட வேண்டும், அதுவும் வெளியே, அடிக்கண்ணாடியில். நான்கு மூலையிலும் ரப்பர் கால் ஒட்டித் தொட்டியைச் சற்று உயர்த்துங்கள். மேசையோடு அழுந்தி இருந்தால் சூடு போக இடமில்லாமல் கண்ணாடி விரிசல் விடலாம்.

பெரும்பாலோர் தவறுவது தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டை அளந்து சொல்லும் உணர்கம்பியில். அதைத் தொட்டிக்குள் சும்மா போட்டு வைத்தால் பாம்பு ஒரே இரவில் அதைத் தூக்கி எறிந்துவிடும், அல்லது தண்ணீர்க் கிண்ணத்தில் தள்ளிவிடும். குளிர்ந்த இடத்தில் கிடக்கும் கம்பி “இன்னும் சூடாகவில்லை” என்றே சொல்லிக்கொண்டிருக்கும், விரிப்பு நிற்காமல் எரியும். கம்பியை விரிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிப்பக்கமாகப் பொருத்துங்கள். 33இல் வைத்துத் தொடங்கி, உள்ளே கண்ணாடித் தரை 31ஐக் காட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உள்ளே அளக்கத் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். சுவரில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர் காற்றைத்தான் அளக்கும், அதையும் சரியாக அளக்காது.

தரைக்கு ஆஸ்பென் மரச்சீவல் நல்லது. பாம்பு அதில் சுரங்கம் குடையும், குடைந்தது இடியாது. தேங்காய் நார்ச்சில்லும் ஆகும். தேவதாரு ஆகவே ஆகாது, அதன் வாசனை எண்ணெய் பாம்புக்கு நஞ்சு. விரிப்பின் மேல் 2 அல்லது 3 சென்டிமீட்டர் போதும், குளிர் முனையில் 6, 7 வரை போடலாம். விரிப்பின் மேல் கனமாகப் போட்டால் மேலே குளிர்ந்திருக்கும், அடியில் கொதிக்கும். பாம்பு தோண்டிக்கொண்டு நேரே அந்தக் கண்ணாடிக்குத்தான் போகும். முதல் ஒரு மாதத்துக்குச் சீவலுக்குப் பதில் பேப்பர் டவல் விரித்தால், எச்சம் எப்படி இருக்கிறது, கக்கியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் ஊர்க் குளிர்காலத்தின் இன்னொரு தொல்லை வறட்சி. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும், பாம்புக்கு 40 முதல் 60 வேண்டும். கம்பிவலை மூடியில் மூன்றில் இரண்டு பங்கை அக்ரிலிக் தகடால் மூடுங்கள். மீதி காற்றுக்கு. தொட்டி முழுக்கத் தண்ணீர் தெளிக்காதீர்கள், ஈரச்சீவல் பூஞ்சை பிடிக்கும், வயிற்றுச் செதில் அழுகும். ஈரப் பொந்து என்று மூன்றாவதாக ஒன்று செய்துவிடுங்கள்: தயிர் டப்பா ஒன்று, மூடியில் இரண்டு டாலர் நாணயம் அளவுக்கு ஓட்டை, விளிம்பை வழவழவென்று தேய்க்க வேண்டும். உள்ளே ஸ்ஃபாக்னம் பாசி, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம். பாம்பின் கண் நீலம் பூத்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். சில நாளில் கண் தெளியும், அதன்பின் ஒரு வாரத்துக்குள் உரிக்கும். அப்போது அது இந்த டப்பாவைத் தேடிப் போகும்.

மூடி. குஞ்சு பென்சில் பருமன்தான், தலை நுழையும் இடத்தில் உடம்பும் நுழையும். மீன் தொட்டியின் பழைய மூடியில் குழாய்க்கும் வயருக்கும் விட்ட வெட்டுகள் இருக்கும், அது உதவாது. நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கும் வலைமூடி வாங்குங்கள். மேலே கனமான புத்தகத்தை வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தப்பினால் முதலில் பார்க்க வேண்டியது தரையில் உள்ள ஹீட்டர் துவாரம், பிறகு ஃபிரிட்ஜுக்குப் பின்னால். இடைவெளியை அடைக்கவோ வயரைப் பிடிக்கவோ தொட்டிக்குள் ஒட்டு நாடா மட்டும் கூடாது. ஒட்டிய பாம்பைப் பிய்த்தால் தோலோடு வரும். ஒட்டிவிட்டால் சமையல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, மெதுவாக, தலையிலிருந்து வால் பக்கமாக விடுவிக்க வேண்டும்.

இதெல்லாம் பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஓட வேண்டும். காலை 7, மதியம் 2, இரவு 10 என்று மூன்று வேளை இரண்டு முனையின் சூட்டையும் ஈரப்பதத்தையும் மகளே குறித்து வைக்கட்டும். ஜன்னலோரம் வைத்த தொட்டி மதிய வெயிலில் என்ன ஆகிறது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும், இடத்தை மாற்றிவிடலாம். அழைத்து வரும் நாளில் காரை முதலில் சூடாக்கிவிட்டு, துணிப்பையில் கட்டிய பாம்பைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

வந்தபின் ஏழு நாள் தொடக் கூடாது. பிறந்தநாள் கூட்டத்தில் எடுத்துக் காட்டுவதும் கூடாது. இதை இப்போதே மகளிடம் பேசி முடித்துவிடுங்கள், அன்றைக்குச் சொன்னால் நடக்காது. ஏழாம் நாள் உறைய வைத்த எலிக்குஞ்சு ஒன்று. மயிர் முளைக்காதது, பாம்பின் நடுவுடலைவிடச் சற்றே பருமனானது. முந்தைய இரவு ஃபிரிட்ஜில் உருகவிட்டு, பையோடு வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் பொந்து வாசலில் நீட்டுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வெடிக்கும். தின்றபின் 48 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒன்று. கக்கிவிட்டால் பதறி மறுநாளே அடுத்ததைக் கொடுக்கக் கூடாது. குறைந்தது பத்து நாள் விட்டு, பாதி அளவில் கொடுக்க வேண்டும். அதற்குள் சூட்டை மறுபடி அளந்து பாருங்கள், பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

பால் விஷயம். பால் பாலூட்டிகளின் உணவு, பாம்புக்குச் செரிக்காது. புற்றுக்குப் பால் வார்ப்பது நம் வழிபாடு, அதைப் பாம்பின் பசியோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. மாமியாரிடம் இது நம் சாரையின் குடும்பம், நஞ்சில்லாதது, எலி தின்பது என்று சொல்லுங்கள். வயிற்றுப் பக்கம் சோளக்கதிர் மணிகளைப் போலக் கட்டம் கட்டமாக இருப்பதைக் காட்டினால் பெயர்க் காரணமும் புரிந்துவிடும். கனமான கிண்ணத்தில் தண்ணீர் மாற்றும் வேலையை அவரிடமே கொடுக்கலாம். தொட்டியைத் தொட்ட கையை, யாராக இருந்தாலும், சோப்பால் கழுவ வேண்டும், சால்மொனெல்லா கிருமி இருக்கும். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பாம்பைத் தொட விடாதீர்கள்.

இந்தத் தொட்டி இரண்டு வருடம் தாங்கும். முழுசாக வளர்ந்தால் 3 முதல் 5 அடி, ஆயுள் 15, 20 வருடம். அதற்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் முன்பக்கம் திறக்கும் கூண்டு தேவைப்படும். அலங்காரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அதற்கு எடுத்து வையுங்கள். இப்போதைக்கு, திருப்பிக் கொடுத்த கல்லின் காசில் தெர்மோஸ்டாட்டையும், நான்கு கிளிப்பையும் வாங்கிவிடுங்கள்.