கேஷுவாலிட்டியில் அப்பாவை ஏன் காக்க வைத்தார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். போன மாதம் ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டது. மறுநாள் ராத்திரி கால் துவண்டு எழுந்து நிற்கவே முடியவில்லை. அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முதலில் பார்த்தார்கள். கடைசியில் ஈசிஜி எடுத்ததும்தான் பதறிக்கொண்டு உள்ளே தள்ளிப்போனார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அப்பாவுக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய உப்பு அது. டயாலிசிஸ் தவறினால் உடம்பிலேயே தங்கி, தசையைத் தளர்த்தி, இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். வலி இருக்காது. ஆள் பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று இதயம் நின்றுபோகலாம்.

அப்படியானால் ஏன் காக்க வைத்தார்கள்? அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. நினைவு, மூச்சு, நாடி, பிபி, ஆக்ஸிஜன் இவற்றைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர், மணலி சாலைகளில் அடிபட்டு வருகிறவர் ரத்தத்தோடு வருவார், அவர் சிவப்பு. உங்கள் அப்பா பெஞ்சில் சாய்ந்து அமைதியாக உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர் கண்ணுக்கு அவர் பச்சை.

நாள்பட்ட நோயாளிகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து. அவர்களுடைய உடம்பு ஆபத்தை வெளியே காட்டாது. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம், வெறும் வியர்வையும் களைப்புமாக. பிபிக்கும் இதயத்துக்கும் தரும் மெட்டோபிரலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி ஏற வேண்டிய நேரத்திலும் ஏறாது. ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் கிருமி பரவியிருந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். அளவுகள் எல்லாம் சரியாகத் தெரியும், ஆள் சரியாக இருக்கமாட்டார்.

அதனால் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். “என்ன பண்ணுது?” என்று நர்ஸ் கேட்டதும் நாம் எல்லோரும் இருபது வருடத்துக்கு முன்னாலிருந்து ஆரம்பிக்கிறோம். இன்று என்ன மாறியது என்பதை அந்தக் கதை மூடிவிடுகிறது. அன்று இப்படிச் சொல்லியிருக்கலாம்: “டயாலிசிஸ் பேஷண்ட். நேத்து டயாலிசிஸ் விட்டுப்போச்சு. ராத்திரியிலிருந்து நிக்க முடியல. உடனே ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்க.” ஈசிஜி என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது மருத்துவருக்குப் பாடம் எடுப்பது ஆகாது.

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா மூச்சுத் திணறலோடு வந்தது நினைவிருக்கிறது. மகன் மஞ்சப்பை நிறைய மாத்திரை கொண்டுவந்திருந்தார். எல்லாமே கடையில் நாலு, ஆறு என்று வெட்டிக் கொடுத்தவை. பெயர் இருந்த முனையெல்லாம் வெட்டுப்பட்டு, ஒன்றில் ‘மி.கி.’ மட்டும் மிச்சம். எது ரத்தம் உறையாமல் இருக்கத் தருவது என்று கண்டுபிடிக்கவே நேரம் போயிற்று. ஒரு தாள் இருந்திருந்தால் போதும். நோய்கள், மாத்திரையின் பெயரும் அளவும், ஒவ்வாமை, கடைசி டயாலிசிஸ் தேதி, வழக்கமான எடை, சாதாரண நாளில் பிபியும் ஆக்ஸிஜனும் எவ்வளவு, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) எந்தக் கையில். இவ்வளவையும் எழுதி பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்; போனிலும் ஒரு படம் இருக்கட்டும். ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி போடக்கூடாது, பிபியும் பார்க்கக்கூடாது. இதை வாய்விட்டும் சொல்லுங்கள், அவசரத்தில் யாருக்கும் மறந்துபோகும்.

காத்திருக்கும்போது ஒருவர் அப்பாவின் பக்கத்திலேயே இருக்கட்டும். தூக்கக் கலக்கம், உளறல், வியர்வை, மூச்சு வாங்குவது, நெஞ்சுப் படபடப்பு, இதில் எது புதிதாக வந்தாலும் நேராக நர்ஸிடம் போய், “வந்தப்ப இருந்ததை விட இப்ப மோசம், மறுபடி பாருங்க” என்று சொல்லுங்கள். பச்சை எந்த நேரமும் சிவப்பாகலாம். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்திருந்தால் சுகரையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே போனால் ஆபத்து.

ஆள் களைத்திருக்கிறாரே என்று கேட்டுக்கு வெளியே போய் இளநீர் வாங்கிவந்து கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்பில் செய்கிறார்கள். ஆனால் இளநீர் முழுக்கப் பொட்டாசியம். டயாலிசிஸ் நோயாளிக்கு அதுவும் வேண்டாம், பழச்சாறும் வேண்டாம், ஓஆர்எஸ்ஸும் வேண்டாம். சுகர் இறங்கி, விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால், கொஞ்சம் தண்ணீரில் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று, நிற்க முடியாதவரை வண்டியில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அதில் வந்தால் வரிசையைத் தாண்டிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. வழியிலேயே நாடி, பிபி, ஆக்ஸிஜன் பார்த்து, அதை மருத்துவமனையில் சொல்லி ஒப்படைப்பார்கள். மாத்திரை தீர்ந்துபோனது போன்ற விஷயங்களுக்குப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும். பிபி, சுகர் மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வாங்கலாம்.

டயாலிசிஸ் ஒன்று தவறினால் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல், அன்றைக்கே யூனிட்டுக்குப் போன் செய்து அடுத்த இடம் கேளுங்கள். ராத்திரியில் டயாலிசிஸ் மெஷின் ஓடாத சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், ஒரு மணி நேரம் வீணாகும். அடுத்த முறை அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போது, ராத்திரி அவசரம் என்றால் எங்கே வர வேண்டும், எந்த எண்ணில் பேச வேண்டும் என்று அங்கே இருக்கும் நர்ஸிடம் கேட்டு, அந்தத் தாளின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.