சவாசனத்தில் படுத்தாலே படபடக்கிறது... யோகாவை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. அடி, உதை என்றிருந்த திருமண வாழ்க்கையிலிருந்து வெளியே வந்து மூன்று வருடம் ஆகிறது. பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாராவாரம் கவுன்சலிங்கும் போகிறேன். ஓரளவு தேறியிருக்கிறேன். அக்கா சொல்லி யோகா வகுப்பில் சேர்ந்தேன். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு சவாசனத்தில் படுக்கச் சொன்னதும் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் தலைமாட்டில் வந்து தோளை அமுக்க, எழுந்து வெளியே ஓடிவந்துவிட்டேன். 'யோகா செய்தாலே போதும், மாத்திரையும் கவுன்சலிங்கும் எதற்கு?' என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் ஓடிவந்ததில் ஆச்சரியமே இல்லை. இருட்டு, மல்லாந்த நிலை, மூடிய கண், தலைமாட்டில் ஆள் நடமாட்டம்... அடிவாங்கிய உடம்புக்கு இதில் ஒவ்வொன்றும் ஆபத்தாகத்தான் படும். அதற்காக யோகாவே ஆகாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வகுப்பு நடந்த விதம்தான் உங்களுக்கு ஒத்துவரவில்லை.

கவுன்சலிங்கில் நடந்ததைப் பேசி, 'என் மேல்தான் தப்பு' என்பது போன்ற எண்ணங்களைச் சரிசெய்கிறோம். ஆனால், குக்கர் விசில் அடித்தாலே தூக்கிவாரிப்போடும் உடம்புக்கு அந்தப் பேச்சு சீக்கிரம் எட்டுவதில்லை. மாடி ஏறி மூச்சு வாங்கினால்கூட ஏதோ நடக்கப்போகிறது என்று பயந்துவிடுகிறவர்கள் உண்டு. யோகாவில் காலை நீட்டுகிறீர்கள், தொடை இழுக்கிறது, கவனிக்கிறீர்கள். போதும் என்று தோன்றினால் மடக்கிக்கொள்கிறீர்கள். உடம்பில் ஓர் உணர்வு வரும், போகும், வேண்டாம் என்றால் நானே நிறுத்தலாம் என்று பழகுவதில்தான் பலன் இருக்கிறது. ஆசனம் கச்சிதமாக வருகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில், சிகிச்சை எடுத்தும் பிடிஎஸ்டி தீராத 64 பெண்களிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் 10 வாரம். முடிவில், கடைசிவரை யோகா செய்த 31 பேரில் 16 பேருக்கு பிடிஎஸ்டி என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. யோகா இல்லாமல், உடல்நலம் பற்றிய வகுப்பில் மட்டும் கடைசிவரை உட்கார்ந்த 29 பேரில் 6 பேர்தான் அந்த நிலைக்கு வந்தார்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பார்த்தபோதும் நல்ல பலன் தெரிந்தது. அம்மாவிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: பாஸ்டன் பெண்கள் யாரும் யோகாவுக்காகச் சிகிச்சையை விடவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று தொல்லைகள் சேரும். குறைப்பதாக இருந்தால் உங்கள் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வகுப்புக்கு மறுபடி போவதானால், முன்கூட்டியே மாஸ்டரிடம், 'என்னைத் தொடாதீர்கள், வாயால் சொன்னால் போதும்' என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. (தொட்டுத் திருத்துவதை நம் ஊரில் அக்கறை என்றே நினைக்கிறோம், கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்று பல மாஸ்டர்களுக்குத் தோன்றுவதே இல்லை.) முகம் சுளித்தால் வேறு வகுப்பு பாருங்கள். பெண் ஆசிரியர் என்றால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம். முதுகுக்குப் பின்னால் சுவரும், கண்ணுக்கு எதிரே வாசலும் இருக்கும்படி பாயைப் போடுங்கள். கண்ணை மூட வேண்டியதில்லை. சவாசனத்துக்குப் பதில் சுவரில் சாய்ந்து உட்காரலாம், ஒருக்களித்தும் படுக்கலாம். காலை அகட்டிப் படுக்கும் ஆசனங்கள் சங்கடமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றும் இப்போதைக்கு வேண்டாம்; வேகமான மூச்சே சிலருக்குப் படபடப்பைக் கிளப்பிவிடும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டால் போதும். நடுவில் மனம் எங்கோ போய் உடம்பு மரத்ததுபோல் ஆனால், பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு அறையில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள்.

வகுப்பில் என்ன நடந்தது, என்ன நினைவு வந்தது என்பதைக் கவுன்சலரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்கு அது பயன்படும். பயிற்சிக்குப் பிறகு கெட்ட கனவுகள் கூடினால் சில நாள் நிறுத்திவிட்டு அவரைக் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.