தேய்க்கத் தேய்க்கப் பல் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: தோவாளையில் பூக்கட்டும் தொழில் செய்கிறேன், வயது 38. உடல் எடை குறைய வேண்டும் என்பதற்காக, ஓராண்டாகக் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்து குடிக்கிறேன். குடித்த உடனே, எங்கள் வீட்டு வழக்கப்படி உமிக்கரியும் உப்பும் சேர்த்துப் பல் துலக்கி வருகிறேன். எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் பல் நாளுக்கு நாள் மஞ்சளாகிறது. குளிர்ந்த நீர் பட்டால் கூசவும் செய்கிறது. என்ன காரணம்? (வாசகி, தோவாளை)

பதில்: நீங்கள் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கும் அந்த மஞ்சள், பெரும்பாலும் அழுக்காக இராது, பல்லின் உள்ளடுக்கே வெளியே தெரியத் தொடங்கியிருக்கும். பல்லின் மேலே கவசம்போல் மூடியிருக்கும் எனாமல், அதாவது பற்சிப்பி, ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதன் அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கு இயல்பிலேயே வெளிர் மஞ்சள் நிறமுடையது. மேலடுக்கு தேயத் தேய அந்த மஞ்சள் கூடுதலாகத் தெரியும். டென்டினில் நரம்பை நோக்கிச் செல்லும் நுண்குழாய்கள் இருப்பதால், அது வெளிப்பட்டதும் கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

மனித உடலில் மிகக் கடினமான பொருள் எனாமல்தான். அதில் சுமார் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். கடைவாய்ப் பல்லின் முகட்டில்கூட அதன் தடிமன் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர்தான். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்கு அந்த வாய்ப்பு இல்லை; அதை உருவாக்கும் செல்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன.

இத்தனை கடினமான பொருளுக்கும் அமிலம் ஆகாது. வாயின் அமிலநிலையைக் காட்டும் பி.எச். எண் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கனிமம் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டது. நீரில் கலந்து குடித்தாலும் 5.5-க்கு வெகு கீழேதான் நிற்கும். ஆனால் உமிழ்நீர் சும்மா இருப்பதில்லை. அமிலத்தின் வீரியத்தைத் தணித்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இளகிய இடத்தில் மீண்டும் படியவைக்கிறது. அந்த வேலைக்குச் சற்று நேரம் வேண்டும். நீங்களோ மேற்பரப்பு இளகியிருக்கும் அதே வேளையில் உமிக்கரியால் தேய்க்கிறீர்கள். இளகியது மீண்டும் இறுகுவதற்குள் தேய்ந்து போய்விடுகிறது.

உமிக்கரியைக் குறைசொன்னால் நம் மாவட்டத்துப் பெரியவர்களுக்குக் கோபம் வரும் என்பதை அறிவேன். பாட்டிக்கு எண்பது வயதிலும் பல் விழவில்லையே என்பார்கள்; ஐம்பதிலேயே பொக்கைவாயான மற்றப் பாட்டிகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உமிக்கரியில் சிலிக்கா உண்டு, சொரசொரப்பும் உண்டு. உப்புக்கல்லும் சேர்ந்தால் அது உப்புத்தாள் செய்யும் வேலையைத்தான் செய்யும். ஆகவே இரண்டையும் விட்டுவிடுங்கள். மென்மையான தூரிகையும், ஃப்ளூரைடு சேர்ந்த சாதாரணப் பற்பசையும் போதும். ஃப்ளூரைடு எனாமலில் படிந்தால், பி.எச். ஏறக்குறைய 4.5 வரை இறங்கினாலும் தாங்கும் கனிமமாக அதை மாற்றும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள். வாயில் நீரை நிறைத்துப் பலமுறை கொப்பளித்தால் ஃப்ளூரைடும் அதோடு போய்விடும்.

எலுமிச்சைச் சாற்றை விட மனமில்லையென்றால், பல் துலக்கிய பின் ஒரே மூச்சில் குடித்து, வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உறிஞ்சுவது மிகவும் கெடுதல். புளிப்பானது எதைச் சாப்பிட்டாலும், அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். சோற்றோடு சேர்த்து உண்ணும் புளி மீன்கறிக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. மெல்லும்போது உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: மாலை கட்டும்போது நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். தையல் வேலை செய்பவர்கள், கடற்கரையில் வலை சீர்செய்பவர்கள் முதலியோரின் முன்பல் விளிம்பில் இதே பழக்கத்தால் சிறு பள்ளம் விழுந்திருப்பதைக் காணலாம். மடியில் ஒரு சிறு கத்தரி இருக்கட்டும். கூச்சம் நீடித்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேய்ந்த எனாமல் திரும்பி வராது என்றாலும், பல்லின் நிறத்திலேயே உள்ள பொருளால் அந்த இடத்தை மூட முடியும்.

கேள்வி: ஏழு வயது மகனுக்குப் புதிதாக முளைத்த முன்பல்லில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டு இருக்கிறது. தேய்த்தால் போகுமா? (வாசகர், குளச்சல்)

பதில்: போகாது. பல் தாடைக்குள் உருவாகும் காலத்திலேயே அந்த இடத்தில் கனிமம் போதிய அளவு சேராமல் போயிருக்கலாம். திட்டு ஈறை ஒட்டி இருந்தால், அது சொத்தையின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். அந்த நிலையில் ஃப்ளூரைடு பூச்சால் அதைத் தடுத்து நிறுத்த முடியும், குழி விழுந்த பின் முடியாது. ஆகவே தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் பல் சுத்தம் செய்தால் எனாமல் போய், பல் ஆடத் தொடங்கும் என்கிறார்களே? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: அங்கே எடுப்பது பல்லில் படிந்து இறுகிய காரையை, எனாமலை அன்று. காரையால் ஈறும் எலும்பும் ஏற்கெனவே நலிந்திருக்கும் பல்லை அதுவரை அந்தக் காரையே பிடித்து நிறுத்தியிருக்கும். அது நீங்கியதும் ஆட்டம் தெரிகிறது. பழி சுத்தம் செய்தவர்மேல் விழுகிறது.