மோர்ஸ் கோடு பழகக் கிட் வாங்கலாமா, நாமே செய்துகொள்ளலாமா?

கேட்ட கேள்வி இதுதான்: மோர்ஸ் கோடு (எழுத்துகளைப் புள்ளி, கோடு என்று குட்டைச் சத்தமும் நீளச் சத்தமுமாக அனுப்புகிற முறை) படிக்க ஆசை, ஆன்லைனில் பயிற்சிக் கிட் விற்கிறார்கள், வாங்குவதா நாமே செய்வதா, எத்தனை நாளில் வரும், லைசென்ஸ் வேண்டுமா, வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பயிற்சிக் கிட் என்பது பட்டனை அழுத்தினால் "கீ" என்று சத்தம் போடுகிற ஒரு சின்ன சர்க்யூட், அவ்வளவுதான். அதிலிருந்து எந்த ரேடியோ அலையும் வெளியே போகாது. அதனால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிறகு ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்காக நடத்துகிற வானொலித் தொடர்பில், உண்மையாகவே அனுப்ப வேண்டுமென்றால் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கணும். அதில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸே வேண்டாம், ஜெனரல் கிரேடுக்குத்தான் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் கேட்டு எழுதவும் அனுப்பவும் வேண்டும்.

வாங்குவதா செய்வதா என்றால், செய்யுங்கள் என்பேன். காசு மிச்சம் என்பதற்காக இல்லை. நான் செய்து, அதைக் கெடுத்து, திரும்பச் சரி பண்ணினதில்தான் மோர்ஸ் என்றால் என்னவென்றே எனக்குப் புரிந்தது.

எங்கள் வீடு மண்டைக்காட்டுப் பக்கம், கடல் கூப்பிடு தூரம். நாகர்கோவிலில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் 555 டைமர் ஐசி (சத்தத்தை உண்டாக்குகிற சிப்) ஒன்று, 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் இரண்டு, 100 கே ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், ஸ்பீக்கருக்கு முன்னால் போட 10 மைக்ரோஃபாரட் ஒன்றும் 100 ஓம் ஒன்றும், சின்ன 8 ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி, புள்ளி போட்ட பொது போர்டு என்று வாங்கி வந்தேன். 555 என்பது 1972-லிருந்து சந்தையில் இருக்கிற ஐசி, ரேடியோ ரிப்பேர் கடை எதில் கேட்டாலும் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அதன் அதிர்வெண் கணக்கு சுலபம்: 1.44-ஐ, முதல் ரெசிஸ்டர் கூட்டல் இரண்டு மடங்கு இரண்டாவது ரெசிஸ்டர், அதைக் கப்பாசிட்டரால் பெருக்கி, அந்தத் தொகையால் வகுக்கணும். 10 கே, 100 கே, 0.01 போட்டால் சுமார் 685 ஹெர்ட்ஸ் வரும். மோர்ஸ் கேட்க 600, 700-தான் காதுக்கு இதம்.

எனக்கு வந்தது அதுவல்ல. பட்டனை அழுத்தினால் "டப டப டப" என்று வள்ளத்து என்ஜின் மாதிரி ஒரு சத்தம். ஒரு மணி நேரம் சால்டரிங்கை எல்லாம் தடவிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் கப்பாசிட்டர் மேல் 104 என்று இருக்கிறது. 103 என்றால் 0.01, 104 என்றால் 0.1. பத்து மடங்கு பெரிசு, அதனால் அதிர்வெண் பத்தில் ஒரு பங்கு, அறுபத்தெட்டு ஹெர்ட்ஸ். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தாரா நான் மாற்றிக் கேட்டேனா தெரியாது. நீங்கள் கடையிலேயே எண்ணைப் பார்த்து வாங்குங்கள், இங்கிருந்து நாகர்கோவிலுக்கு இன்னொரு முறை பஸ் ஏறுவது வெப்ராளம் பிடித்த வேலை.

கீ-யும், அதாவது மோர்ஸ் அடிக்கிற அந்த அழுத்துப் பட்டனும், வீட்டிலேயே செய்தேன். உடைந்த ஆக்சா பிளேடு ஒரு துண்டு, மேசை டிராயர் குமிழ் ஒன்று, இரண்டு பித்தளை ஸ்க்ரூ, அடியில் கனமான அயினிப் பலகை. பலகை கனமாக இருக்கணும், இல்லாவிட்டால் அடிக்க அடிக்க கீ மேசையில் ஊர்ந்து போகும். தொடும் இரண்டு முனைக்கும் நடுவில் இடைவெளி ஒரு தபால் கார்டு நுழைகிற அளவு போதும். பிளேடின் பெயிண்டைச் சுரண்டாமல் விட்டால் மின்சாரம் போகாது (சொல்லத் தேவையில்லை, ஆனால் நான் சுரண்டவில்லை). கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை, உப்புக்காற்று. பத்து நாள் தொடாமல் வைத்தால் முனையில் துரு வந்து சத்தம் கரகரக்கும். வெள்ளைப் பேப்பர் துண்டை நடுவில் வைத்து அழுத்தி இழுத்தால் சரியாகிவிடும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

இப்போது முக்கியமான தப்புக்கு வருகிறேன். முதல் சர்க்யூட்டில் நான் கீ-யை பேட்டரிக்கும் ஐசிக்கும் நடுவில் போட்டிருந்தேன், அழுத்தினால் கரண்ட் வரும், விட்டால் போகும். அதோடு சும்மா இருக்காமல், சப்ளை சீராக இருக்கட்டும் என்று ஐசி பக்கத்தில் ஒரு 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரையும் வைத்தேன். சத்தம் அருமையாக வந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருமையாகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து எஸ் எழுத்தை அடித்தேன், மூன்று புள்ளி. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மக்கா, உன் புள்ளிக்கெல்லாம் வால் மொளச்சிருக்கு கேட்டியா. இது எஸ் இல்ல, ஒரே இழுப்பு."

உண்மைதான். கீ-யை விட்ட பிறகும் அந்தப் பெரிய கப்பாசிட்டரில் இருந்த மின்சாரம் தீரும்வரை சத்தம் தொடர்ந்துகொண்டிருந்தது. நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் ஒரு புள்ளிக்கு 100 மில்லிசெகண்டுதான், இரண்டு புள்ளிக்கு நடுவில் இருக்கும் அமைதியும் அதே 100-தான். அந்த அமைதியை என் கப்பாசிட்டர் தின்றுவிட்டது. எனக்கு அது காதிலேயே விழவில்லை, என் கை விட்டது என்று எனக்குத் தெரியுமே, அதனால் மூளையே வெட்டிக்கொண்டது.

அவர் சொல்லித்தான் மாற்றினேன். பேட்டரியை ஐசியோடு நேராக இணைத்துவிட்டு, கீ-யை ஐசியின் நாலாம் காலுக்குக் கொண்டுபோங்கள். அதுதான் ரீசெட். அந்தக் காலை 10 கே ரெசிஸ்டர் வழியாக மைனஸில் கட்டிவிட்டு, கீ அழுத்தும்போது பிளஸ்ஸைத் தொடும்படி செய்தால், அழுத்தினால் சத்தம், விட்டதும் கத்தியால் நறுக்கினது போல் நிற்கும். இதில் ஒரு குறை, சத்தம் இல்லாதபோதும் ஐசி கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்விட்ச் வையுங்கள். நான் வைக்காமல் ராத்திரி அப்படியே விட்டு இரண்டு பேட்டரி போயிற்று.

இன்னொன்று, ஆன்லைன் கிட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கருக்குப் பதில் தானாகவே கத்துகிற பஸ்ஸர் இருக்கும். கரண்ட் கொடுத்தால் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு கிறீச் சத்தம். பத்து நிமிடத்தில் தலை வலிக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கு ஐந்து நிமிடத்திலேயே. நீங்கள் அடிப்பதை எழுத்தாக மாற்றிக் காட்டுகிற டிஸ்பிளே வைத்த கிட்டும் கிடைக்கிறது. நீங்கள் அனுப்புவது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு கறாரான வாத்தியார், அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்டு எழுதப் பழகுவதற்கு அதனால் ஒரு பைசா உபயோகமில்லை, கண் அங்கே போய்விட்டால் காது தூங்கிவிடும்.

சரி, பழகுவது. நான் பண்ணின முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். புள்ளியும் கோடும் அச்சடித்த அட்டவணையைச் சுவரில் ஒட்டி ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்தேன். இருபத்தாறு எழுத்தும் கையால் அடிக்க வந்துவிட்டது. அப்புறம் பெரியவர் என் பெயரை மெதுவாக அடித்துக் காட்டினார், முதல் எழுத்தைத் தாண்டி ஒன்றும் எழுத முடியவில்லை. ஏனென்றால் நான் சத்தத்தைக் கேட்டு, புள்ளி எத்தனை கோடு எத்தனை என்று எண்ணி, மனதில் இருக்கும் அட்டவணையில் தேடி, கண்டுபிடித்து நிமிர்வதற்குள் அடுத்த இரண்டு எழுத்து போயிருக்கும். இப்படிப் படித்தவர்கள் கொஞ்சம் வேகம் வந்ததும் அப்படியே நின்றுவிடுவார்கள். அட்டவணையைக் கிழிக்கச் சொன்னார். அதற்குள் மூன்று மாதம் வீணாகியிருந்தது.

1930-களில் கோக் என்ற ஜெர்மன் உளவியலாளர் சொன்ன வழி இதற்கு நேர் எதிர். ஆரம்பத்திலேயே முழு வேகத்தில், இப்போது வழக்கமாக 20 சொல் வேகத்தில், இரண்டே இரண்டு எழுத்தை மட்டும் கலந்து கேட்கணும். வழக்கமாக கே, எம் என்ற இரண்டில் தொடங்குவார்கள். பத்தில் ஒன்பது சரியாக எழுத வந்ததும் மூன்றாவது எழுத்து. அந்த வேகத்தில் எண்ண நேரமே கிடைக்காது, எழுத்தை ஒரு தாளமாகத்தான் பிடிக்க முடியும். முதலில் திணறினால் எழுத்தின் வேகத்தைக் குறைக்காமல் எழுத்துகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் மொபைலில் இலவச ஆப் நிறைய இருக்கிறது. காலையில் 15 நிமிடம், ராத்திரி 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எனக்கு இந்த வழியில் ஐந்து மாதம் ஆயிற்று, 10 சொல் வேகத்தில் பதறாமல் எழுத. உங்களுக்குக் குறையலாம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு, இது நானாகக் கவனித்தது. புள்ளியை "டி", கோட்டை "டா" என்று வாயால் சொல்லிப் பழகுவோம். பள்ளியில் படித்த மாத்திரைதான், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஆனால் மோர்ஸில் கோடு இரண்டு மாத்திரை இல்லை, புள்ளியைப் போல் மூன்று மடங்கு. நான் "டா" என்று சொல்லிப் பழகினதால் என் கோடெல்லாம் கட்டையாகவே விழுந்தது, பெரியவர் "பைய அடி மக்கா, இழு, இழு" என்று கத்திக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு நாள் தோன்றியது, மூன்று மாத்திரைக்குத்தான் நம்மிடம் அளபெடை இருக்கிறதே. "டாஅ" என்று சொன்னேன், கோடு நேரானது. கே என்றால் டாஅ டி டாஅ. தொல்காப்பிய அரங்கேற்றத்தில் உட்கார்ந்து கேட்ட அதங்கோட்டாசான் எங்கள் மாவட்டத்துக்காரர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம், மாத்திரை மட்டும் கைக்கு வர எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

சத்தத்துக்கு மட்டுமில்லை, அமைதிக்கும் அளவு உண்டு: ஒரே எழுத்துக்குள் ஒன்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஏழு. புதிதாக அடிப்பவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இதைத்தான். விரல் நுனியால் தட்டாமல், முழங்கையை மேசையில் ஊன்றி மணிக்கட்டால் அழுத்துங்கள், பாதி சரியாகிவிடும்.

கடைசியாகக் கடல் விஷயம். பெரியவர் வீட்டுச் சுவரில் ஒரு கப்பல் ரேடியோ அறைக் கடிகாரம் தொங்குகிறது. அதில் 15-லிருந்து 18 வரைக்கும் 45-லிருந்து 48 வரைக்கும் சிவப்பு அடித்திருக்கும். ஒவ்வொரு மணியிலும் அந்த மூன்று மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸில் எல்லாக் கப்பலும் வாயை மூடிக்கொண்டு, யாராவது உதவிக்குக் கூப்பிடுகிறார்களா என்று கேட்கணும். அந்த ஏற்பாடு 1999 பிப்ரவரியில் ஜிஎம்டிஎஸ்எஸ் என்ற, செயற்கைக்கோளும் ரேடியோவும் சேர்ந்த உலகளாவிய கடல் அபாய அழைப்பு முறை முழுமையாக வந்ததோடு முடிந்தது. இன்று அபாயத்தில் மோர்ஸ் அடித்தால் கேட்க அங்கே ஆள் இல்லை. 2017 ஒக்கி புயலில் எங்கள் கரையில் நடந்ததைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன். படகில் ஒழுங்காக இயங்குகிற விஎச்எஃப் செட் (வாயால் பேசுகிற ரேடியோ) இருக்கணும், அபாயத்தில் கூப்பிடுகிற 16-ஆம் சானல் எல்லாருக்கும் தெரிந்திருக்கணும், அபாயச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் இருந்தால் அது சார்ஜில் இருக்கணும். ராத்திரி டார்ச்சால் எஸ்ஓஎஸ் காட்டத் தெரிந்திருப்பது நல்லதுதான், மூன்று குறில், மூன்று நீளம், மூன்று குறில். வீட்டில் உள்ளவர்களுக்கு அதை மட்டும் சொல்லிக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை, கிட் கூட வேண்டாம்.