காம்பவுண்டுச் சுவரை ஒட்டி சம்ப் தோண்டலாமா?

பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி, 7 அடி ஆழத்தில் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவதாக ஜேசிபிக்காரர் சொல்கிறார் என்கிறீர்கள். முடிப்பார், சரி. சுவர் நிற்குமா? பழைய காம்பவுண்டுச் சுவருக்கு அஸ்திவாரம் பெரும்பாலும் 2, 3 அடிதான். அதற்கும் கீழே மண்ணை எடுத்தால் சுவர் குழிக்குள் சாய வாய்ப்பு அதிகம். இடம் இருந்தால் 7 அடியாவது தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் ஆழத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள், கொள்ளளவு அதேதான்.

5 அடிக்கு மேல் போனால், பலகையும் சவுக்குக் கம்பும் வைத்து முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. இடுப்பு வரை புதைந்தாலே ஆளை இழுத்தெடுப்பது கஷ்டம். அள்ளிய மண்ணைக் குழி விளிம்பிலேயே குவிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். 5 அடியாவது தள்ளிக் கொட்டட்டும்.

அப்புறம் ஜேசிபி வாடகை. வண்டி வந்து போகும் நேரமும் கணக்கில் சேருமா, மண்ணை யார் அப்புறப்படுத்துவது, இரண்டையும் முன்பே பேசி வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். ஈபி கேபிள் ஓடும் பக்கத்தைச் சுண்ணாம்பால் குறித்துக் காட்டி, அங்கே பக்கெட்டை இறக்கவே கூடாது என்று ஆபரேட்டரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.