ரோசிலி: 3 மணிக்குப் போனால் வர்ம்ஸ் ஹெட் நடக்க முடியுமா?

ஜூலையில், கடல் வற்றுவது 1 மணி, ஸ்வான்சீயிலிருந்து காரில் 3 மணிக்கு வேல்ஸின் கடலோர ஊரான ரோசிலி சேருவோம், கடல் வற்றும்போது மட்டும் நடந்து போகக்கூடிய வர்ம்ஸ் ஹெட் தீவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு வேண்டாங்க.

தீவுக்குப் போகும் பாறைப்பாதை திறந்திருப்பது வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம்தான். உங்கள் கணக்குப்படி 3.30க்கு மூடிவிடும். கார் நிறுத்துமிடத்திலிருந்து, பாறைப்பாதைக்கு மேலே உள்ள பழைய கடலோரக் காவல்குடில் வரை நடக்கவே 20, 25 நிமிடம் ஆகும்.

கடல் வற்றும் நேர அட்டவணை கிரீன்விச் நேரமா என்றும் பாருங்கள். அப்படியானால் கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும். பலர் தவறு செய்வது இந்தக் கணக்கில்தான். கூட்டினாலும் 4.30க்குள் திரும்ப ஓட வேண்டியிருக்கும். பாதை முழுக்கச் சிப்பி ஒட்டிய கூர்மையான, வழுக்கும் பாறை; செருப்பு உதவாது. தண்ணீர் சூழ்ந்துவிட்டால் இறங்காதீர்கள், இழுப்பு பலமானது. தீவிலேயே அடுத்த வற்றலுக்குக் காத்திருங்கள்.

அன்று குடில் வரை நடந்து, பிறகு கடற்கரைக்கு இறங்குங்கள். 1887இல் கரைதட்டிய ஹெல்வெசியா கப்பலின் மரவிலாக்கள் மணலில் நீட்டிக்கொண்டிருக்கும். தீவுதான் வேண்டுமென்றால் காலையிலேயே ஏ4118 சாலையில் கிளம்பி, ஸ்கர்லேஜ் என்ற ஊரில் பி4247 சாலைக்குத் திரும்புங்கள். கடைசிப் பகுதி குறுகல், முக்கால் மணி நேரம் வையுங்கள்.